பெட்டி நம்முடையது, சாவி யாருடையது?

(நமது கல்லூரி முன்னாள் மாணவர் சங்க மறுகூடல் விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



சங்கச் செயலாளர் என் வகுப்புத் தோழர். "முப்பது வருஷமா சாஃப்ட்வேர்ல குப்பை கொட்டுறே. பசங்களுக்கு உபயோகமா இருபது நிமிஷம் பேசுப்பா" என்று ஆணையிட்டார். செயற்கை நுண்ணறிவு, விண்வெளி என்றெல்லாம் பேசப் பெரியவர்கள் இருக்கிறார்கள். நான் எடுத்துக்கொண்டிருப்பது ரொம்பச் சின்ன விஷயம். உங்கள் வீட்டு டி.வி.க்குப் பின்னால் ஒரு விரல் நீளத்துக்குச் செருகி வைத்திருக்கிறீர்களே, அந்தப் பொருளைப் பற்றித்தான்.

கல்யாண வீடாகட்டும், காதுகுத்து விசேஷமாகட்டும், நான் என்ன வேலை பார்க்கிறேன் என்று தெரிந்தவுடனே சொந்தக்காரர்கள் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "அந்தக் குச்சி தானாவே அப்டேட் ஆயிடுதே, அதை நிறுத்த வழி இருக்கா?" நிறுத்த வழி இருக்கிறது. ஆனால் நிறுத்தலாமா என்பதற்கு ஒரே வார்த்தையில் பதில் கிடையாது. அந்தப் பதிலைத்தான் கொஞ்சம் விரித்துச் சொல்லப் போகிறேன்.

குச்சிக்குள் ஒரு கணிப்பொறி

அமேசான் நிறுவனம் ஃபயர் டிவி பெட்டியை 2014 ஏப்ரலில் அமெரிக்காவில் வெளியிட்டது. அதே ஆண்டு நவம்பரில் குச்சி வடிவம் வந்தது. நம் நாட்டுக்கு அது வந்தது 2017 ஏப்ரலில். அந்தக் குச்சியைச் சென்னையிலேயே தயாரிக்கப் போவதாக 2021 பிப்ரவரியில் அந்த நிறுவனம் அறிவித்தது. ஃபாக்ஸ்கான் குழுமத்தைச் சேர்ந்த ஒரு தொழிற்சாலைதான் அந்தப் பொறுப்பை ஏற்றது. ஆக, இது நம்ம ஊர்க் கைகளும் சேர்ந்து செய்யும் பொருள் என்பதை மாணவர்கள் கவனிக்க வேண்டும்.

பார்க்க ஒரு பென்சில் டப்பா அளவுகூட இல்லை. ஆனால் உள்ளே இருப்பது ஒரு முழுக் கணிப்பொறி. அதற்கு ஒரு இயங்குதளம் உண்டு. அந்த இயங்குதளம் தன் நிறுவனத்தின் சர்வரோடு அவ்வப்போது பேசிக்கொண்டே இருக்கும். "புதுசா ஏதாவது இருக்கா?" என்று கேட்கும். இருந்தால் இறக்கிக்கொள்ளும். இறக்கியது நிஜமாகவே நிறுவனம் அனுப்பியதுதானா என்று டிஜிட்டல் கையொப்பத்தைச் சரிபார்க்கும். பிறகு, நீங்கள் தூங்கும் நேரமாகப் பார்த்துப் பழசை எடுத்துவிட்டுப் புதுசை உட்கார வைத்து, தன்னைத்தானே ஒருமுறை அணைத்து எழுப்பிக்கொள்ளும். சில கருவிகளில் சிப்புக்குள்ளேயே ஒரு அடையாளம் பதிந்துவிடும். அதற்கப்புறம் பழைய பதிப்புக்குத் திரும்ப நினைத்தாலும் முடியாது. ஒருவழிப் பாதை!

இதை நிறுத்த ஒரு சுவிட்ச் இருக்க வேண்டாமா? ஆப்பிள் டிவியில் இருக்கிறது. செட்டிங்ஸ் பகுதிக்குப் போனால் தானியங்கிப் புதுப்பித்தலை அணைத்துவிடலாம். ஃபயர் டிவியில் அப்படி இல்லை. அங்கே செயலிகள் தானாகப் புதுப்பிக்கப்படுவதை நிறுத்தலாம், இயங்குதளம் புதுப்பிக்கப்படுவதை நிறுத்தப் பொத்தானே கிடையாது. ரோக்கு என்ற அமெரிக்கக் கருவியிலும் இதே கதைதான்.

ஏன் நிறுத்த நினைக்கிறார்கள்?

என் தாயாருக்கு வயது எண்பதைத் தாண்டிவிட்டது. ஊரில் தனியாக இருக்கிறார். கண்ணில் இரண்டு முறை அறுவை சிகிச்சை ஆனவர். திரையில் இருக்கும் எழுத்தை அவரால் படிக்க முடியாது. அதனால் அவர் ரிமோட்டைக் கணக்காக மனப்பாடம் செய்திருந்தார். "கீழே ரெண்டு, வலப்பக்கம் மூணு, நடு பட்டன்" என்றால் பக்திப் பாட்டு. "கீழே ரெண்டு, வலப்பக்கம் நாலு" என்றால் சீரியல். இரண்டு வருஷம் அப்படியே ஓடியது. ஒருநாள் காலையில் எனக்குப் போன் வந்தது.

"ஏம்ப்பா, யாரோ என் டி.வி.யை மாத்திட்டாங்கப்பா. மூணாவதுல பாட்டு இல்லே. ஏதோ சண்டைப் படம் வருது."

"டி.வி. அதேதாம்மா. உள்ள இருக்குற மென்பொருளைக் கம்பெனிக்காரன் மாத்தியிருக்கான்."

"யாரைக் கேட்டு மாத்தினான்? காசு குடுத்தது நாமதானே?"

எந்தக் கம்பெனி என்பது இங்கே முக்கியமில்லை. முப்பது வருஷ அனுபவம் இருந்தும் அந்தக் கேள்விக்கு எனக்கு உடனே பதில் வரவில்லை. முதலில் அது கிழவியின் புலம்பல் மாதிரி காதில் விழும். யோசித்துப் பார்த்தால் அது ஒரு சட்டக் கேள்வி. விற்ற பிறகும் ஒரு பொருளை விற்றவன் மாற்றிக்கொண்டே இருக்கலாமா?

இன்னும் பெரிய உதாரணங்கள் இருக்கின்றன. சோனி நிறுவனம் 2006இல் பிளேஸ்டேஷன் 3 கருவியை வெளியிட்டபோது, அதில் லினக்ஸ் போன்ற வேறொரு இயங்குதளத்தையும் நிறுவிக்கொள்ளலாம் என்ற வசதி இருந்தது. அதை நம்பி வாங்கியவர்கள் நிறைய. அமெரிக்க விமானப்படையின் ஆய்வுக்கூடம் ஒன்று 1,760 கருவிகளை இணைத்து ஒரு பெருங்கணிப்பொறியே கட்டியது. ஆனால் 2010 ஏப்ரல் 1ஆம் தேதி வந்த ஒரு அப்டேட் அந்த வசதியை எடுத்துவிட்டது. முட்டாள்கள் தினச் செய்தி என்றுதான் பலர் நினைத்தார்களாம்! வேண்டாம் என்று அப்டேட்டைத் தவிர்க்கலாம். ஆனால் தவிர்த்தால் இணைய விளையாட்டு கிடையாது. வாடிக்கையாளர்கள் வழக்குத் தொடுத்தார்கள். 2018இல்தான் அது பணச் சமரசத்தில் முடிந்தது.

2023 நவம்பரில் ஃபயர் டிவி கருவிகளில் ஒரு மாற்றம் வந்தது. ஆன் செய்தவுடனே முழுத் திரையில் விளம்பரப் படம் தானாக ஓட ஆரம்பித்தது. வாங்கும்போது இல்லாத விளம்பரம். 2024 தொடக்கத்தில் அமெரிக்காவில் ரோக்கு டி.வி. வைத்திருந்தவர்களின் திரையில் ஒரு புது ஒப்பந்தம் வந்து நின்றது. தகராறு வந்தால் நீதிமன்றத்துக்குப் போகாமல் மத்தியஸ்தத்தில் தீர்த்துக்கொள்ள வேண்டும் என்பது அதன் சாரம். 'சம்மதம்' என்று அழுத்தும்வரை சொந்த டி.வி.யைப் பார்க்க முடியாது. சம்மதமில்லை என்றால்? தபாலில் கடிதம் எழுதிப் போட வேண்டும்! வரவேற்பறையில் உட்கார்ந்திருப்பவரின் டி.வி.யைப் பிணையாக வைத்துக்கொண்டு கையெழுத்துக் கேட்பது என்ன நியாயம்?

ஆக, நிறுத்தப் பார்ப்பவர்கள் எல்லோரும் திருட்டுப் படம் பார்ப்பவர்கள் என்று நினைத்துவிடக் கூடாது. அப்படிப்பட்டவர்களும் இருக்கிறார்கள். ஆனால் வாங்கிய பொருள் வாங்கியபடியே இருக்கட்டும் என்று ஆசைப்படுகிறவர்களும் நிறைய.

எப்படி நிறுத்துகிறார்கள்?

மாணவர்களுக்கு இது பிடிக்கும், அதனால் கொஞ்சம் விளக்கமாகவே சொல்கிறேன்.

கருவிக்கு அப்டேட் சர்வரின் பெயர் தெரியும், எண் முகவரி தெரியாது. பெயரைச் சொல்லி எண்ணைக் கேட்டு வாங்கித்தான் போக வேண்டும். நம்ம ஹாஸ்டலுக்கு வருகிற விருந்தாளி, "இன்னார் எந்த ரூம்?" என்று வாட்ச்மேனைக் கேட்பாரே, அதுபோல. இந்த வாட்ச்மேன் வேலையைச் செய்வதற்குப் பெயர் டி.என்.எஸ். வீட்டு ரவுட்டரிலோ, ஓப்பன் டி.என்.எஸ். போன்ற சேவையிலோ, "இந்தப் பெயரை யாராவது கேட்டால் அப்படி ஒரு ஆளே இல்லை என்று சொல்லிவிடு" என்று எழுதி வைத்துவிடலாம். ஃபயர் டிவி வந்த புதிதிலேயே அதன் அப்டேட் சர்வர்களின் பெயரைக் கண்டுபிடித்து இப்படி அடைக்க ஆரம்பித்துவிட்டார்கள்.

ஆனால் இந்த வாட்ச்மேன் உங்கள் வீட்டு வாசலில் மட்டும்தான் நிற்கிறார். குச்சியைப் பிடுங்கி உறவினர் வீட்டில் செருகினாலோ, செல்போன் இணைப்பில் ஓட்டினாலோ, அது காத்திருந்தது போல அப்டேட்டை இறக்கிக்கொள்ளும். நிறுவனம் சர்வரின் பெயரை மாற்றினால் உங்கள் பூட்டு வீண். உங்கள் வாட்ச்மேனைக் கேட்காமல் நேரே வெளி டி.என்.எஸ்.ஸைக் கேட்கும் கருவியும் உண்டு. பெயர்களைக் கண்டபடி அடைத்தால் செயலிக் கடையும் சேர்ந்து படுத்துவிடும்.

இரண்டாவது வழி, கருவிக்குள்ளேயே ஏதாவது ஓட்டை வழியாகப் புகுந்து, முழு அதிகாரத்தைக் கையில் எடுத்து, அப்டேட் செய்யும் நிரலையே முடக்குவது. இது பூனை எலி விளையாட்டு. 2013 ஜூலையில் கூகுளின் முதல் குரோம்காஸ்ட் வந்த சில நாட்களிலேயே கெட்டிக்காரர்கள் அதில் ஒரு ஓட்டையைக் கண்டுபிடித்தார்கள். அடுத்து வந்த தானியங்கி அப்டேட் அந்த ஓட்டையை அடைத்துவிட்டது. அப்டேட்டைத் தடுத்தவர்களிடம்தான் ஓட்டை மிச்சமிருந்தது. இதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. நாம் உள்ளே போகிற ஓட்டையில் வேறு யார் வேண்டுமானாலும் போகலாம் அல்லவா?

அடைத்தால் வரும் ஆபத்து

2018இல் அதுதான் நடந்தது. ஃபயர் டிவி கருவிகளில் மென்பொருள் உருவாக்குபவர்களுக்கென்று ஒரு பின்வாசல் வசதி உண்டு. வெளிச் செயலிகளை நிறுவுவதற்காகப் பலர் அதைத் திறந்துவிட்டு, மூட மறந்துவிட்டார்கள். அந்த வழியாக ஒரு புழு நிரல் புகுந்தது. குச்சி கொதிக்கக் கொதிக்க யாருக்காகவோ மெய்நிகர் நாணயம் தோண்டிக்கொண்டிருந்தது. வீட்டுக்காரருக்குத் தெரிந்ததெல்லாம் "படம் திக்கித் திக்கி வருது" என்பதுதான்.

2016 அக்டோபர் 21ஆம் தேதி, வீடுகளில் இருந்த கேமராக்களையும் வீடியோ பதிவுப் பெட்டிகளையும் அடிமைப்படுத்திய மிராய் என்ற நிரல், டின் என்ற டி.என்.எஸ். நிறுவனத்தைத் தாக்கியது. ட்விட்டர், நெட்ஃபிளிக்ஸ் உள்பட எத்தனையோ சேவைகள் பல மணி நேரம் தடுமாறின. 2024 டிசம்பரில் ஜெர்மனியின் இணையப் பாதுகாப்பு அலுவலகம், ஏறத்தாழ 30,000 கருவிகளில் முன்கூட்டியே புகுத்தப்பட்டிருந்த தீய நிரல் தன் எஜமானரோடு பேசுவதைத் துண்டித்தது. அதில் மீடியா பெட்டிகளும் அடக்கம். அவற்றில் ஓடியது பழைய ஆண்ட்ராய்டு. 2025 ஜூனில் அமெரிக்காவின் எஃப்.பி.ஐ. அமைப்பே, பெயர் தெரியாத மலிவு விலை ஸ்ட்ரீமிங் பெட்டிகளைப் பற்றி மக்களை எச்சரித்தது.

இன்னொரு விஷயம், கெட்டவன் யாருமே இல்லாமல் நடந்தது. 2025 மார்ச் 9ஆம் தேதி, உலகம் முழுவதும் இரண்டாம் தலைமுறை குரோம்காஸ்ட்கள் திடீரென்று ஊமையாகிவிட்டன. காரணம், 2015இல் அவற்றுக்குள் வைத்து அனுப்பிய ஒரு டிஜிட்டல் சான்றிதழுக்குப் பத்து வருஷக் கெடு. கெடு முடிந்தது, கருவி தன்னைத்தானே நிரூபிக்க முடியாமல் போய்விட்டது. கூகுள் சில நாட்களில் ஒரு அப்டேட் அனுப்பித்தான் அதற்கு உயிர் கொடுத்தது. அப்டேட் வழியை நிரந்தரமாக அடைத்து வைத்திருந்தவருக்கு அந்த மருந்து எப்படிப் போய்ச் சேரும்? அவசரப்பட்டுக் கருவியைப் பழைய நிலைக்கு அழித்துத் தொடங்கியவர்கள் இன்னும் அதிகமாகச் சிரமப்பட்டார்கள்.

எல்லா அப்டேட்டையும் அடைப்பது என்பது, மூட்டைப்பூச்சிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்தின கதை.

ஒரே சுற்றறிக்கையில் இரண்டு சமாசாரம்

அப்படியானால் வருவதையெல்லாம் வாயை மூடிக்கொண்டு ஏற்க வேண்டுமா? அதுவும் இல்லை.

என் வகுப்புத் தோழர்களுக்கு நினைவிருக்கும். நம்ம மெஸ்ஸில் ஒருமுறை ஒரு சுற்றறிக்கை ஒட்டினார்கள். "தண்ணீர்த் தொட்டி சுத்தம் செய்யப்படும். ஞாயிற்றுக்கிழமை கோழி நிறுத்தப்படும்." இரண்டுக்கும் சேர்த்து ஒரே கையெழுத்து. தொட்டி சுத்தமாக வேண்டும் என்றால் கோழியை மறந்துவிட வேண்டும். கோழி வேண்டும் என்று கொடி பிடித்தால், "சுத்தம் வேண்டாம்னு சொல்றீங்களா?" என்று கேட்பார்கள். இன்றைய அப்டேட்டின் சூட்சுமம் முழுக்க இதுதான். ஓட்டை அடைப்பு என்ற தொட்டிச் சுத்தமும், விளம்பரம், திரை மாற்றம், வசதி பறிப்பு என்ற கோழி நிறுத்தமும் ஒரே பொட்டலத்தில் வருகின்றன. பொட்டலத்தைப் பிரிக்க நமக்கு உரிமை இல்லை. அதனால்தான் மக்கள் பொட்டலத்தையே வாசலில் மறிக்கிறார்கள்.

பிரிக்க முடியாது என்று நிறுவனங்கள் சொல்லலாம். ஆனால் ஐரோப்பிய ஒன்றியம் ஒரு சட்டமே போட்டுவிட்டது. இணையப் பாதுகாப்புக்கான அந்தச் சட்டம் 2024 டிசம்பர் 10 அன்று அமலுக்கு வந்தது. அதன் முக்கியக் கடமைகள் 2027 டிசம்பர் 11 முதல் நிறுவனங்களைக் கட்டுப்படுத்தும். அதில் இரண்டு விஷயங்கள் என்னைக் கவர்ந்தன. தொழில்நுட்ப ரீதியாக முடிகிற இடத்தில், பாதுகாப்பு அப்டேட்டை வசதி அப்டேட்டிலிருந்து பிரித்துத் தர வேண்டும் என்பது ஒன்று. பாதுகாப்பு அப்டேட் தானாகவே வரலாம், ஆனால் அதை நிறுத்தவும் தற்காலிகமாகத் தள்ளிப்போடவும் எளிய வழி இருக்க வேண்டும் என்பது இரண்டாவது. என் தாயார் கேட்ட கேள்விக்கு ஒரு கண்டம் முழுவதும் எழுதிய பதில் என்றுதான் இதை நான் பார்க்கிறேன்.

தள்ளிப்போடும் உரிமை ஏன் வேண்டும்? 2024 ஜூலை 19ஆம் தேதியை நினைத்துப் பாருங்கள். கிரவுட்ஸ்டிரைக் என்ற பாதுகாப்பு நிறுவனம் தானாகவே அனுப்பிய ஒரு பிழையான கோப்பு, மைக்ரோசாஃப்ட் கணக்குப்படி 85 லட்சம் விண்டோஸ் கணிப்பொறிகளைப் படுக்க வைத்தது. நம் நாட்டு விமான நிலையங்களில் போர்டிங் பாஸைக் கையால் எழுதிக் கொடுத்தார்கள். பாதுகாப்புக்காக அனுப்பியதே வில்லங்கமானது. எல்லோருக்கும் ஒரே நேரத்தில் அனுப்பாமல் கொஞ்சம் கொஞ்சமாக அனுப்பியிருந்தால் சேதம் குறைந்திருக்கும்.

வீட்டில் என்ன செய்யலாம்?

நண்பர்களுக்கு நான் சொல்வது இதுதான். தள்ளிப்போடுங்கள், ஒரேயடியாக அடைக்காதீர்கள். சுவிட்ச் உள்ள கருவியில், புதுப் பதிப்பு வந்தவுடன் போடாமல் இரண்டு மூன்று வாரம் பொறுத்திருந்து போடுங்கள். ரவுட்டரில் அடைத்திருப்பவர்கள் மாதத்துக்கு ஒருமுறையாவது கதவைத் திறந்துவிடுங்கள். ரவுட்டரில் விருந்தினர் இணைப்பு என்று ஒன்று இருக்கும். டி.வி. குச்சியை அதில் போட்டு, வங்கி வேலை பார்க்கும் கணிப்பொறியை வேறு இணைப்பில் வையுங்கள். அந்தப் பின்வாசல் வசதியைத் திறந்திருந்தால் இன்றே மூடுங்கள். புதுசு வாங்கும்போது விலையைக் கேட்பதோடு நிற்காமல், "எத்தனை வருஷம் பாதுகாப்பு அப்டேட் வரும்?" என்றும் கேளுங்கள். பிரிட்டனில் 2024 ஏப்ரல் 29 முதல் அந்தக் காலத்தை நிறுவனம் சொல்லியே ஆக வேண்டும் என்று சட்டம். இங்கே நாம்தான் கேட்க வேண்டும்.

மாணவர்களுக்கு

மாணவச் செல்வங்களே, உங்களில் சிலர் இந்தக் குச்சிகளைச் செய்யும் தொழிற்சாலைக்குப் போவீர்கள். சிலர் இந்த அப்டேட்டை எழுதும் நாற்காலியிலேயே உட்காருவீர்கள். அன்றைக்கு மேலாளர் வந்து, "ரெண்டையும் ஒண்ணா சேத்து அனுப்பிடு, வேலை மிச்சம்" என்பார். நிஜமாகவே வேலை மிச்சம்தான். இரண்டு பதிப்புகளைப் பராமரிப்பது செலவு, சோதிப்பது தலைவலி, அதை நான் மறுக்கவில்லை. ஆனாலும் அந்த அறையில் ஒருவராவது எழுந்து, "சார், ஓட்டை அடைப்பைத் தனியா அனுப்பலாம். திரை மாத்தத்தை அவங்களைக் கேட்டுட்டு அனுப்பலாம்" என்று சொல்ல வேண்டும். அந்த ஒருவர் இந்தக் கல்லூரியில் படித்தவராக இருந்தால் எங்கள் ஆசிரியர்கள் எங்களுக்காகப் பட்ட பாடு வீண் போகவில்லை என்று அர்த்தம்.

கேட்டுவிட்டு மாற்றுகிறவனுக்கு யாரும் கதவை அடைக்க மாட்டார்கள். கேட்காமல் மாற்றுகிறவன் நல்லதே கொண்டுவந்தாலும் வாசலில் நிற்க வேண்டியதுதான். இந்த நம்பிக்கை ஒரு தடவை போய்விட்டால் எந்த அப்டேட்டாலும் அதைத் திரும்ப நிறுவ முடியாது.